எந்தச் சாவு வழக்காகிறது? கென்ட், ஜாக்ஸன், ஆரஞ்ச்பர்க்

முழங்காலிட்டு, கைகளை விரித்து, வாய்விட்டு அலறுகிறாள் ஒரு பெண். அவளுக்கு முன்னால் தார்த்தரையில் ஓர் இளைஞன் குப்புறக் கிடக்கிறான். சுற்றிலும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற கால்கள். 1970 மே 4, ஒஹையோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம். படம் எடுத்த ஜான் ஃபைலோ அங்கேயே படித்துக்கொண்டிருந்த மாணவர். அடுத்த வருஷம் அந்தப் படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அலறுகிறவள் அங்கே மாணவிகூட இல்லை. ஃபுளோரிடாவில் வீட்டைவிட்டு ஓடிவந்த 14 வயசுச் சிறுமி, மேரி ஆன் வெச்சியோ. கிடப்பவர் ஜெஃப்ரி மில்லர். வியட்நாம் போர்க்காலத்து அமெரிக்காவைப் பற்றி எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் இந்தப் படம் வந்து நிற்கும். வரலாற்றில் பெரிய அக்கறை இல்லாதவர்கள்கூட எங்கேயோ பார்த்திருப்பார்கள்.

இதே மாதிரி இன்னொரு சம்பவம் பத்து நாளில் நடந்தது. அதற்கு இப்படியொரு படம் கிடையாது. மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்ஸனில் உள்ள கறுப்பர் கல்லூரி, ஜாக்ஸன் ஸ்டேட். மே 14 இரவு கழிந்து 15 பிறந்த சில நிமிஷத்தில், நகரப் போலீஸும் மாநில நெடுஞ்சாலைப் போலீஸும் மாணவிகளின் விடுதியான அலெக்ஸாண்டர் ஹாலை நோக்கிச் சுட்டார்கள். ஒரு செய்தியாளரின் ஒலிப்பதிவில் அந்தச் சத்தம் 28 விநாடி நீடிக்கிறது. சுடப்பட்டவை 460க்குக் குறையாது என்பது எஃப்.பி.ஐ. கணக்கு. 12 பேருக்குக் காயம். செத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஃபிலிப் கிப்ஸ், 21 வயசு, கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தவர். மற்றவர் ஜேம்ஸ் ஏர்ல் கிரீன், 17 வயசுப் பள்ளி மாணவர். மளிகைக் கடையில் வேலையை முடித்துவிட்டு வளாகத்தின் குறுக்கே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவர் நின்றது விடுதிப் பக்கம்கூட அல்ல, போலீஸ் வரிசைக்குப் பின்புறம், தெருவின் எதிர்ச்சாரியில். கண்டு கேட்கத் திரும்பிச் சுட்டிருக்கிறார்கள்.

அந்தத் தெருவுக்குப் பெயர் லிஞ்ச் தெரு. அடித்துக்கொல்லும் கும்பல்களின் லிஞ்ச் அல்ல. உள்நாட்டுப் போருக்குப் பிந்திய மறுசீரமைப்புக் காலத்தில் மிசிசிப்பியிலிருந்து அமெரிக்க காங்கிரசுக்குப் போன கறுப்பர் ஜான் ராய் லிஞ்ச்சின் பெயரால் அமைந்தது. வெள்ளைக்காரர்களின் கார்கள் கல்லூரியை ஊடறுத்துக்கொண்டு அந்தத் தெருவில்தான் போகும், வரும்.

இந்த இரண்டுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர்கூட நம்மில் பலருக்குத் தெரியாது. 1968 பிப்ரவரி 8, தென் கரோலினா மாநிலத்தின் ஆரஞ்ச்பர்க். அங்கும் ஒரு கறுப்பர் கல்லூரி, தென் கரோலினா ஸ்டேட். ஊரில் ஒரு பவுலிங் விளையாட்டுக்கூடம் கறுப்பர்களை உள்ளே விடாது. 1964ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம் வந்து நாலு வருஷமாகிறது, ஆனாலும் விடாது. மாணவர்கள் போனார்கள். பிப்ரவரி 6ஆம் தேதி இரவு, மாணவிகள் உட்பட, தடியடி வாங்கித் திரும்பினார்கள். 8ஆம் தேதி இரவு கல்லூரி முகப்பில் தீ மூட்டிக் கூடினார்கள். தீயை அணைக்க வண்டி வந்தது. எறியப்பட்ட கட்டை ஒன்று ஒரு நெடுஞ்சாலைப் போலீஸ்காரரின் முகத்தில் பட்டு அவர் விழுந்தார். சில நிமிஷம் கழித்து, பத்தரை மணி வாக்கில், சுட்டார்கள். மான் வேட்டைக்குப் பயன்படுகிற பெரிய ரவைகள் போட்ட துப்பாக்கிகள். சாமுவேல் ஹாமண்ட், ஹென்றி ஸ்மித் என்ற இரு கல்லூரி மாணவர்களும் டெலானோ மிடில்டன் என்ற 17 வயசுப் பள்ளி மாணவரும் இறந்தார்கள். 28 பேருக்குக் காயம். பெரும்பாலோருக்குக் குண்டு பாய்ந்தது முதுகில், விலாவில், சிலருக்கு உள்ளங்காலில். உள்ளங்காலில் குண்டு பட வேண்டுமென்றால் ஆள் தரையில் படுத்துக் கிடந்திருக்க வேண்டும்.

கென்டில் நாலு, ஜாக்ஸனில் இரண்டு, ஆரஞ்ச்பர்க்கில் மூன்று. எண்ணிக்கையை வைத்து எது பெரிய கொடுமை என்று தராசு பிடிப்பதல்ல நம் வேலை. அரசின் ஆயுதம் தாங்கிய ஆட்கள் கல்லூரி வளாகத்தில் நிராயுதபாணிகளான இளைஞர்களைச் சுட்ட சம்பவங்கள் மூன்றும். இரண்டேகால் வருஷத்துக்குள் நடந்தவை. அவற்றில் ஒன்று மட்டும் ஒரு காலகட்டத்தின் பெயராகிவிட, மற்ற இரண்டும் அடிக்குறிப்பாகச் சுருங்கியது எப்படி?

கேட்டால் காரணம் சொல்ல ஆள் இருக்கிறது. ஆரஞ்ச்பர்க் நடந்த வாரத்தில் வியட்நாமில் டெட் தாக்குதல் நடந்துகொண்டிருந்தது, பத்திரிகையில் இடமில்லை. ஆரஞ்ச்பர்க், ஜாக்ஸன் இரண்டும் இரவில் நடந்தவை. கென்ட் நடந்தது பட்டப்பகலில், 12.24 மணிக்கு, சுற்றிலும் கேமராக்கள். கென்ட் கம்போடியப் படையெடுப்பை எதிர்த்த கூட்டம், அதனால் போரோடு சேர்த்துப் பேச முடிந்தது. தெற்கிலே நடந்ததோ பழைய இனப்பிரச்சினை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகவே படும். சேர்த்துப் பார்க்கும்போதுதான் உதைக்கிறது. டெட் தாக்குதல் ஆரஞ்ச்பர்க்கை மறைத்தது என்றே வைத்துக்கொள்வோம். ஜாக்ஸனுக்கு என்ன சொல்வது? அந்தப் பத்து நாளும் அமெரிக்கா முழுக்க இதே பேச்சுத்தான். 450க்கு மேற்பட்ட கல்லூரிகளில் வேலைநிறுத்தம். மாணவர் சாவு என்ற விஷயத்துக்குப் பத்திரிகை, டெலிவிஷன் எல்லாமே வாசலைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த நேரம். அந்த வாசல் வழியாக ஜாக்ஸன் நுழையவில்லை. நுழைந்த அளவும் கென்டுக்கு வால்போலத்தான். 'கென்ட் ஸ்டேட்டும் ஜாக்ஸன் ஸ்டேட்டும்' என்கிற அந்த 'உம்'தான் அதற்குக் கிடைத்த இடம். இரண்டுக்கும் நடுவே, மே 11 இரவு தொடங்கி, ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் ஆறு கறுப்பர்கள் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். ஆறு பேருக்கும் குண்டு முதுகில். 16 வயசுக் கறுப்புப் பையன் ஒருவன் சிறைக்குள் அடித்துக் கொல்லப்பட்டதைக் கேட்க ஊர் எழுந்தபோது நடந்தது அது. இந்த ஆறுக்கு அந்த 'உம்'கூடக் கிடைக்கவில்லை. அவர்கள் மாணவர்களும் அல்லவே.

படம் இல்லை, இரவு, தெற்கு, இனப்பிரச்சினை என்று சொல்லப்படும் காரணங்கள் இனத்துக்கு வெளியே நிற்கிற தற்செயல்கள் அல்ல. ஆரஞ்ச்பர்க்கில் பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள், ஜாக்ஸனில் டெலிவிஷன் ஆட்கள் இருந்தார்கள். சுட்ட சத்தம்கூடப் பதிவாகிக் கைவசம் இருந்தது. சாட்சியம் இல்லாமல் போகவில்லை. இருந்த சாட்சியம் செய்தியாக மாறுவதற்கு வேறு ஏதோ தேவைப்பட்டிருக்கிறது.

தமிழில் வழக்கு என்றொரு சொல் உண்டு. பேச்சில் புழங்குவது வழக்கு, உலக வழக்கு என்கிறோமே அது. சச்சரவும் வழக்கு. நீதிமன்றத்தில் ஏறுவதும் வழக்கு. ஒரு சாவுக்குப் பொதுக் கவனம் கிடைப்பது என்றால் இந்த மூன்று பொருளிலும் அது வழக்காவது என்று எனக்குத் தோன்றுகிறது. இதை அனுதாபம் என்று எடுத்துக்கொண்டால் தப்பாகப் போகும். கென்டில் செத்தவர்கள்மேல் வெள்ளை அமெரிக்கா உருகி அழவில்லை. உடனடியாக நியூஸ்வீக் பத்திரிகைக்காக காலப் நடத்திய கருத்துக்கணிப்பில் 58 சதவீதம் பேர் மாணவர்கள்மேலேயே பழி போட்டார்கள். தேசியக் காவல்படையைக் குறைசொன்னவர்கள் 11 சதவீதம். மே 8ஆம் தேதி நியூயார்க்கில் கட்டடத் தொழிலாளிகள் கூட்டமாக வந்து போர் எதிர்ப்பு மாணவர்களை அடித்து நொறுக்கினார்கள். 'சுட்டது சரிதான்' என்று செத்தவர்களின் பெற்றோருக்கே கடிதம் எழுதியவர்கள் இருந்தார்கள். ஆக, அந்த நாலு பேருக்குக் கிடைத்தது இரக்கம் அல்ல. அவர்களுடைய சாவு சண்டை போடத் தகுந்ததாக இருந்தது, அவ்வளவுதான். ஒருத்தன் சரியென்றான், ஒருத்தன் தப்பென்றான், குடும்பத்துக்குள்ளேயே அப்பனும் மகனும் பேசாமல் போனார்கள். நீல் யங் எழுதிய 'ஒஹையோ' பாட்டு அடுத்த மாதமே இசைத்தட்டாக வந்தது. 1971இல் ஜேம்ஸ் மிச்சனர் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். ஆரஞ்ச்பர்க்கை முன்னிட்டு எந்த வெள்ளைக் குடும்பத்தின் சாப்பாட்டு மேஜையில் சண்டை வந்திருக்கும்? திட்டுவதற்குக்கூட எடுத்துக்கொள்ளப்படாத சாவு அது.

இதற்கு அடிபோட்டது முதல் செய்தி. ஆரஞ்ச்பர்க்கிலிருந்து அசோசியேட்டட் பிரஸ் அனுப்பிய செய்தி, இருதரப்பிலும் கடுமையான துப்பாக்கிச் சண்டை நடந்ததாகச் சொன்னது. மாணவர்கள் சுட்டார்கள் என்பதைப் பிற்பாடு எவராலும் நிறுவ முடியவில்லை. ஆனால் காலையில் ஊர் ஊராகப் பத்திரிகையில் ஏறியது அந்த வாசகம்தான். ஆளுநர் ராபர்ட் மெக்நேர் கறுப்பு அதிகாரம் பேசும் வெளியாட்களைக் காரணம் காட்டினார். 'கலவரம்' என்ற சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. தமிழ்ப் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்கு இந்தச் சொல்லின் சாமர்த்தியம் பழக்கப்பட்டதுதான். 'போலீஸ் சுட்டு மூவர் பலி' என்றால் அதில் சுட்டவன் இருக்கிறான். 'கலவரத்தில் மூவர் பலி' என்றால் யாருமே சுடவில்லை, கலவரமே வந்து கொன்றுவிட்டுப் போயிருக்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸின் ஜாக் நெல்சன் ஆரஞ்ச்பர்க் மருத்துவமனைக்குப் போய், 'அட்லாண்டா பீரோவிலிருந்து வருகிறேன்' என்று சொன்னாராம். பத்திரிகையின் பீரோவைத்தான் சொன்னார், அவர்கள் எஃப்.பி.ஐ. என்று நினைத்துக்கொண்டு நோயாளிக் குறிப்புகளைக் காட்டிவிட்டார்கள். முதுகில், விலாவில், உள்ளங்காலில் என்கிற கணக்கு அப்படித்தான் வெளியே வந்தது. அவரும் ஜாக் பாஸும் சேர்ந்து 1970இல் புத்தகமாகவே போட்டார்கள். உண்மை தெரியாமல் போகவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்குள் அச்சாகிவிட்டது. அச்சானதால் வழக்கில் வந்துவிடவில்லை. ஜாக்ஸனைப் பற்றி டிம் ஸ்பாஃபோர்ட் எழுதிய புத்தகம் 1988இல்தான் வந்தது. அதை வெளியிட்டது எது தெரியுமா? கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகப் பதிப்பகம்.

செத்தவர்களுக்குக் கதை கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இன்னொரு சமாச்சாரம். கென்டில் செத்த சாண்ட்ரா ஷாயர் கூட்டத்துக்கே வரவில்லை, வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். வில்லியம் ஷ்ரோடர் படை அதிகாரிப் பயிற்சியில் இருந்த மாணவர். சுட்ட இடத்துக்கும் அவர்கள் விழுந்த இடத்துக்கும் நடுவே நூறு மீட்டருக்கு மேல் தூரம். இதெல்லாம் அச்சில் வந்தது, திரும்பத் திரும்ப வந்தது. 'ஒரு தப்பும் செய்யாத பிள்ளைகள்' என்கிற கதையாடல் அப்படித்தான் கட்டப்பட்டது. ஜேம்ஸ் ஏர்ல் கிரீனும் வேலை முடிந்து வீட்டுக்குப் போன பையன்தான். சாண்ட்ரா ஷாயரின் கதையும் அவர் கதையும் ஒன்றுதான். வழிப்போக்கர் என்ற அந்தத் தகுதி வெள்ளை உடலுக்குத் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. கறுப்பு உடல் அதை நிரூபித்தாக வேண்டும். அங்கே ஏன் நின்றான், கையில் என்ன இருந்தது, யாரோடு சுற்றினான்? இந்தக் கேள்வியெல்லாம் முடிந்த பிறகுதான் அவன் செத்தவனாகக் கணக்கில் வருவான்.

கென்டிலேயே இருந்த கறுப்பு மாணவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அந்த வளாகத்துக் கறுப்பு மாணவர் அமைப்பு மே 4 கூட்டத்துப் பக்கம் போக வேண்டாமென்று தன் ஆட்களிடம் சொல்லி வைத்திருந்ததாக, அப்போது படித்தவர்கள் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். துப்பாக்கியில் நிஜத் தோட்டா இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வெள்ளை மாணவர்களில் பலர் வெற்றுத் தோட்டா என்றுதான் கடைசி விநாடிவரை நம்பிக்கொண்டிருந்தார்கள். கென்ட் ஏற்படுத்திய அதிர்ச்சியில் ஒரு பங்கு 'நம்மைக்கூடச் சுடுவார்களா' என்ற அதிர்ச்சி. ஆரஞ்ச்பர்க்கில் அப்படி அதிர்ச்சியடைய எவருக்கும் வாய்ப்பில்லை.

இது 1968இல் தொடங்கியதும் அல்ல. 1965 பிப்ரவரி 18 அன்று அலபாமாவின் மேரியன் என்ற ஊரில், வாக்குரிமை கேட்டுப் போன ஊர்வலத்தில் ஜிம்மி லீ ஜாக்ஸன் என்ற 26 வயசுக் கறுப்பரை மாநிலப் போலீஸ்காரர் சுட்டார். எட்டு நாள் கிடந்து செத்தார். செல்மா ஊர்வலம் என்று உலகம் அறிந்தது புறப்பட்டதே அவர் சாவிலிருந்துதான். மார்ச் 9 அன்று பாஸ்டனிலிருந்து வந்த வெள்ளைப் பாதிரியார் ஜேம்ஸ் ரீபை அதே செல்மாவில் வெள்ளையர்கள் கட்டையால் அடித்தார்கள், இரண்டு நாளில் இறந்தார். நாடு கொதித்தது. ஜனாதிபதி ஜான்சன் ரீபின் மனைவியோடு பேசினார். 15ஆம் தேதி காங்கிரசில் நிகழ்த்திய புகழ்பெற்ற உரையில், கொல்லப்பட்ட அந்த இறையடியாரைக் குறிப்பிட்டார். ஜிம்மி லீ ஜாக்ஸன் அந்த உரையில் இல்லை. ரீப் உயிரைக் கொடுத்தவர், அவரைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் வாக்குரிமைச் சட்டத்துக்கு ஒரு வெள்ளைச் சடலம் தேவைப்பட்டது என்பதை அன்றைய கறுப்பு இளைஞர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஜாக்ஸனைச் சுட்டவர் 2010இல்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை ஆறு மாதம்.

வழக்கு மன்றத்துக்கே வருவோம். ஆரஞ்ச்பர்க்கில் சுட்ட ஒன்பது போலீஸ்காரர்கள் மத்திய நீதிமன்றத்தில் நின்று 1969இல் விடுதலையானார்கள். ஜெயிலுக்குப் போன ஒரே ஆள் கிளீவ்லண்ட் செல்லர்ஸ். அன்றைக்குக் குண்டடி பட்ட கறுப்பர் அவர். மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவைச் சேர்ந்தவர். ஆளுநர் சொன்ன 'வெளியாள்' இவர்தான். பக்கத்து டென்மார்க் என்ற ஊரில் பிறந்தவர் என்பது வேறு விஷயம். கலவரம் செய்தார் என்று ஏழு மாதம் வைத்தார்கள். மன்னிப்பு 1993இல் வந்தது. ஜாக்ஸனில் ஒருவர்மேலும் குற்றப்பத்திரிகை இல்லை. ஜனாதிபதி நிக்ஸன் அமைத்த ஸ்க்ரான்டன் குழு கென்டையும் ஜாக்ஸனையும் சேர்த்தே விசாரித்தது. ஜாக்ஸனில் எங்கிருந்தோ ஒருவன் ஒளிந்திருந்து சுட்டான் என்ற போலீஸ் வாதத்தை அது ஏற்கவில்லை. வெள்ளைப் போலீஸாரின் இனப்பகையும் சாவுகளுக்குக் காரணம் என்று தெளிவாகவே எழுதியது. எழுதி என்ன? கலகத்தில் கலந்துகொள்கிறவன் காயத்தையோ சாவையோ எதிர்பார்த்துத்தான் போகவேண்டும் என்று மத்திய நீதிபதி ஒருவரே ஜூரிகளிடம் சொன்ன மாநிலம் அது. கென்டிலும் எவரும் தண்டனை பெறவில்லை, எட்டுப் பேர்மேல் போட்ட வழக்கு 1974இல் தள்ளுபடியானது. ஆனாலும் அங்கே வழக்கு ஓயவில்லை. 1979இல் 6,75,000 டாலர் இழப்பீடும் காவல்படையினர் கையெழுத்திட்ட வருத்த அறிக்கையும் வந்தன. ஜாக்ஸன் குடும்பங்கள் போட்ட சிவில் வழக்கில் ஒரு காசும் கிடைக்கவில்லை.

இன்றைக்கும் இந்தக் கணக்கில் பெரிய மாற்றமில்லை. அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பர்கள் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. துப்பாக்கியால் கொலையாகிறவர்களில் பாதிக்கு மேல் அவர்கள். 2013 ஜனவரியில் சிகாகோவில் 15 வயசு ஹடியா பெண்டில்டன் சுடப்பட்டபோது நாடு திரும்பிப் பார்த்தது. காரணம், சில நாள் முன்புதான் அந்தப் பெண் ஒபாமாவின் பதவியேற்பு விழாக் கொண்டாட்டத்தில் தன் பள்ளிக் குழுவோடு பங்கேற்றிருந்தாள். சிகாகோவில் அதே குளிர்காலத்தில் செத்த மற்றப் பிள்ளைகளுக்கு வெள்ளை மாளிகைத் தொடர்பு இல்லை. 2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் சுடப்பட்ட பிறகு எழுந்த மாணவர் இயக்கத்தில், அதே பள்ளியின் கறுப்பு மாணவர்கள் தங்களை யாரும் கேட்கவில்லையென்று தனியே பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. மார்ச் 24 அன்று வாஷிங்டன் மேடையில் 11 வயசு நயோமி வாட்லர், முதல் பக்கத்துக்கு வராத கறுப்புச் சிறுமிகளுக்காக வந்திருக்கிறேன் என்ற பொருளில் பேசினாள். 2014இல் ஃபெர்குசனுக்குப் பிறகு கறுப்புச் சாவுகள் தெருவுக்கு வந்தன, உண்மைதான். அந்த வழக்கைத் தொடுத்தது தெரு. பத்திரிகைகள் பின்னால்தான் வந்து சேர்ந்தன.

ஒரு எச்சரிக்கை. ஆரஞ்ச்பர்க்கைப் பற்றி எழுதுகிறவர்கள் 'மறக்கப்பட்ட படுகொலை' என்று தலைப்புப் போடுவது வழக்கமாகிவிட்டது. யார் மறந்தார்கள்? அந்தக் கல்லூரி வருஷம் தவறாமல் பிப்ரவரி 8ஆம் தேதி கூடுகிறது. விளையாட்டரங்குக்கு மூன்று பேரின் பெயரையும் வைத்திருக்கிறது. ஜாக்ஸனில் லிஞ்ச் தெருவின் அந்தப் பகுதியை வாகனம் போகாமல் அடைத்துக் கிப்ஸ்-கிரீன் சதுக்கம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அலெக்ஸாண்டர் ஹாலின் சுவர்த் தகடுகளைத் தடயம் என்று சொல்லிக் கழற்றிப்போக வந்தபோது மாணவர்கள் குறுக்கே நின்றார்கள். குண்டுத் தழும்புகள் அதனால்தான் இன்னும் இருக்கின்றன. 1955இல் எம்மெட் டில் என்ற 14 வயசுப் பையனை மிசிசிப்பியில் சித்திரவதை செய்து சுட்டு ஆற்றில் போட்டபோது, அவன் தாய் சவப்பெட்டியைத் திறந்து வைத்தாள். உருத்தெரியாத அந்த முகத்தை வெளியிட்டது ஜெட் என்ற கறுப்புப் பத்திரிகை. வெள்ளைப் பத்திரிகைகள் போடவில்லை. கறுப்பு வீடுகளில் அந்தப் படத்தைப் பார்க்காத பிள்ளை இல்லை என்பார்கள். ஆக, கறுப்பர்களுக்குள் இந்தச் சாவுகள் எப்போதும் வழக்கில்தான் இருந்து வந்திருக்கின்றன. 'மறக்கப்பட்ட' என்று நாம் எழுதும்போது, வெள்ளை நினைவையே உலகத்தின் நினைவாகக் கொண்டுவிடுகிறோம். கென்டை மட்டும் தெரிந்துவைத்திருந்த நானும் அந்த நினைவைத்தான் இரவல் வாங்கி வைத்திருந்தேன்.

1970இல் ஜாக்ஸன் ஸ்டேட் பட்டமளிப்பு விழா நடக்கவில்லை. கல்லூரியை இழுத்து மூடி மாணவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், பட்டச் சான்றிதழ் தபாலில் போனது. 2021 மே 15 அன்று அந்த ஆண்டு மாணவர்களைக் கூப்பிட்டு, சுடப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே விழா நடத்தினார்கள். நகர மேயர் மன்னிப்புக் கேட்டார். எழுபதைக் கடந்தவர்கள் அங்கியும் தொப்பியுமாக வரிசையில் போய்ப் பட்டம் வாங்கினார்கள். கிப்ஸுக்கும் கிரீனுக்கும் உரிய கௌரவப் பட்டங்களைச் சகோதரிகள் வாங்கிக்கொண்டார்கள்.